நெஞ்சுவலிக்கு எந்தச் சோதனை? இதயப் படங்களை ஒப்பிட்டு அறிவோம்

நம் வீடுகளில் யாருக்காவது நெஞ்சில் இறுக்கம் என்று மருத்துவமனைக்குப் போனால், ஒரு வாரத்திற்குள் கையில் நான்கைந்து தாள்கள் சேர்ந்துவிடுகின்றன. இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், ஸ்கேன், ஆஞ்சியோகிராம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைச் சொல்கிறது. கடைசித் தாளில் "70 சதவீத அடைப்பு" என்று ஒரு வரி இருந்தால், குடும்பம் முழுவதும் அந்த ஓர் எண்ணைச் சுற்றியே நிற்கிறது. நகை அடகுக்குப் போகிறது, பிள்ளையின் கல்லூரிப் பணம் கைமாறுகிறது, நாளைக் காலையே ஸ்டென்ட் வைத்துவிட வேண்டும் என்ற பதற்றம் பிறக்கிறது. இன்னொரு பக்கம், உண்மையிலேயே மாரடைப்பு வந்தவர் "வாயுப் பிடிப்புதான்" என்று விடியும் வரை வீட்டிலேயே படுத்திருக்கிறார்.

இந்த இரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒன்றுதான். எந்தச் சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது நமக்குச் சொல்லித் தரப்படவில்லை. இதைத் தெரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையாக வாசித்தால் எவருக்கும் விளங்கும். தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது மற்ற நாட்டவரைவிட ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுகள் முந்தியே வருகிறது என்பது பல நாடுகளில் நடந்த ஆய்வில் தெரிந்த உண்மை. ஆகவே இது முதியவர்களுக்கு மட்டுமான பாடம் என்று எண்ண வேண்டாம்.

1. முதலில் பிரித்தறிய வேண்டியது: அவசரமா, இல்லையா?

நெஞ்சின் நடுவில் அழுத்துவது போன்ற வலி ஓய்வாக இருக்கும்போதே வந்து 15, 20 நிமிடங்களாகியும் விடாமல் இருப்பது, வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், வாந்தி, மயக்கம் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி அதிகம் தெரியாமல், மூச்சுவாங்கலும் சோர்வும் மட்டுமே வரக்கூடும்.

இந்த நிலையில் எந்தப் படம் நல்லது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மருத்துவமனையில் முதலில் எடுக்க வேண்டியது இ.சி.ஜி.; அதை நோயாளி வந்த 10 நிமிடங்களுக்குள் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. ரத்தத்தில் ட்ரோபோனின் அளவும் பார்ப்பார்கள். ரத்தக்குழாய் முழுவதும் அடைத்துவிட்டது என்று இ.சி.ஜி. காட்டினால், உடனே ஆஞ்சியோகிராம் செய்து அடைப்பைத் திறக்க வேண்டும். அந்த வசதியுள்ள மருத்துவமனை எட்டாத தொலைவில் இருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும். இங்கே ஸ்டென்ட் உயிர் காக்கிறது. ஒவ்வொரு நிமிடத் தாமதமும் இதயத் தசையை அழிக்கிறது.

இனி நாம் பேசப்போவது மற்ற வகை. படி ஏறும்போது, வேகமாக நடக்கும்போது, சுமை தூக்கும்போது நெஞ்சு இறுகுகிறது. நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது. பல வாரங்களாக இப்படித்தான் இருக்கிறது. இதை நிலையான நெஞ்சுவலி என்பார்கள். இவர்களுக்கு யோசிக்க அவகாசம் உண்டு. ஆனால் அதே வலி திடீரென அடிக்கடி வரத் தொடங்கினாலோ, குறைந்த வேலைக்கே வந்தாலோ, படுத்திருக்கும்போது வந்தாலோ அது நிலையான வகை இல்லை. அப்போது அவசர விதிதான்.

2. வாய்க்காலைப் பார்ப்பதும் வயலைப் பார்ப்பதும்

இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் கரோனரி ரத்தக்குழாய்கள் இதயத் தசைக்கே ரத்தம் கொடுப்பவை. அவற்றை வாய்க்கால் என்று வைத்துக்கொள்வோம். இதயத் தசை வயல். வயலில் பயிர் வாடுகிறதா என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. வாய்க்கால் நெடுக நடந்து எங்கே மண் மேடிட்டிருக்கிறது என்று பார்க்கலாம். அல்லது நேராக வயலுக்குப் போய்த் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்கலாம்.

இதயச் சோதனைகளும் இப்படி இரு வகைதான். ரத்தக்குழாயின் அமைப்பைக் காட்டுபவை ஒரு வகை: சி.டி. ஆஞ்சியோகிராம், வழக்கமான ஆஞ்சியோகிராம். ரத்த ஓட்டம் போதுமா என்று காட்டுபவை இன்னொரு வகை: டிரெட்மில், ஸ்ட்ரெஸ் எக்கோ, தாலியம் ஸ்கேன் என்று பொதுவாகச் சொல்லப்படும் அணு ஸ்கேன், ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ.

வாய்க்காலில் சிறிது மண் மேடிட்டிருந்தாலும் வயலுக்குப் போதிய தண்ணீர் பாயலாம். ஆகவே இந்த இரண்டு கேள்விகளுக்கும் வெவ்வேறு பதில்கள் வருவது இயல்பு. ஒரு சோதனை பொய், மற்றது மெய் என்று பொருளில்லை.

3. சோதனைகள் ஒவ்வொன்றாக

இ.சி.ஜி.: எளியது, மலிவானது, அவசரத்தில் இன்றியமையாதது. ஆனால் வலி இல்லாத நேரத்தில் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருப்பதால் அடைப்பே இல்லை என்று சொல்ல முடியாது.

எக்கோ: இதயம் எவ்வளவு நன்றாகச் சுருங்கி விரிகிறது, வால்வுகள் எப்படி உள்ளன என்று காட்டும். கரோனரி அடைப்பை நேராகக் காட்டாது. "எக்கோ நார்மல்" என்பது நல்ல செய்திதான். ஆனால் அடைப்பு இல்லை என்ற சான்றிதழ் இல்லை.

டிரெட்மில்: நடக்க வைத்து, இதயத்தை உழைக்க வைத்து, இ.சி.ஜி. மாறுகிறதா என்று பார்ப்பது. எவ்வளவு தூரம் தாங்குகிறார் என்பதும் பயனுள்ள செய்தி. ஆனால் முழங்கால் வலி உள்ளவர் நடக்க முடியாது. பெண்களிடம் தவறான பதில் தருவது அதிகம். ஓய்விலேயே இ.சி.ஜி.யில் சில மாறுபாடுகள் இருப்பவர்களுக்கு இது பயன்படாது. படம் எடுக்கும் சோதனைகளைவிட நம்பகத்தன்மை குறைவு.

ஸ்ட்ரெஸ் எக்கோ: உடற்பயிற்சியோ மருந்தோ கொடுத்து, உழைக்கும்போது இதயச் சுவரின் எந்தப் பகுதி தளர்கிறது என்று பார்ப்பது. கதிர்வீச்சு கிடையாது. பார்ப்பவரின் அனுபவத்தைப் பெரிதும் நம்பியுள்ளது.

அணு ஸ்கேன்: ரத்தத்தில் சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, ஓய்விலும் உழைப்பிலும் தசையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் குறைகிறது என்று காட்டும். மாரடைப்பு வந்தவருக்குத் தசையில் உயிர்ப்பு மிச்சமிருக்கிறதா என்றும் சொல்லும். குறை என்னவென்றால், மூன்று குழாய்களும் ஒரே அளவு சுருங்கியிருந்தால் ஒப்பிட நல்ல பகுதி இல்லாமல் "சமமாக" இருப்பதாகக் காட்டிவிடக்கூடும்.

ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ.: ரத்த ஓட்டம், தசையின் தழும்பு, சுருங்கும் திறன் மூன்றையும் ஒரே அமர்வில் தெளிவாகக் காட்டும். கதிர்வீச்சு இல்லை. ஆனால் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. செலவு அதிகம். சில வகைப் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கும் முன்யோசனை தேவை.

கால்சியம் ஸ்கோர்: டை செலுத்தாமல் எடுக்கும் சிறிய சி.டி. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பின் அளவை எண்ணாகத் தரும். வலி இல்லாதவருக்கு வருங்கால ஆபத்தை மதிப்பிட உதவும். வலி உள்ளவருக்கு 0 வந்தாலும் முழு நிம்மதி கொள்ள முடியாது. சுண்ணாம்பு படியாத மென்மையான கொழுப்புப் படிவும் உண்டு. இளவயதினரிடம் அதுவே அதிகம்.

சி.டி. ஆஞ்சியோகிராம்: கையில் உள்ள சிரை வழியாக டை செலுத்தி, சில நொடிகளில் கரோனரி குழாய்களைப் படமெடுப்பது. குழாயின் உள்வழியோடு சுவரில் உள்ள படிவையும் காட்டும். இதன் பெரிய பலம், அடைப்பு இல்லை என்று சொன்னால் அதைப் பெரும்பாலும் நம்பலாம் என்பது. பலவீனம், சுண்ணாம்பு அதிகம் படிந்திருந்தால் அடைப்பைப் பெரிதாகக் காட்டும். இதயத்துடிப்பு வேகமாகவோ ஒழுங்கின்றியோ இருந்தால் படம் மங்கும். ஏற்கெனவே சிறிய ஸ்டென்ட் உள்ள இடத்தில் உள்ளே பார்ப்பது கடினம்.

வழக்கமான ஆஞ்சியோகிராம்: மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோய், டை செலுத்தி எக்ஸ்ரே படம் எடுப்பது. 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் இதைத் தொடங்கி வைத்தார். 1977இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் பலூன் மூலம் அடைப்பை விரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஸ்டென்ட் வைக்கவோ பைபாஸ் செய்யவோ முடிவாகிவிட்டால் இந்தப் படம் தேவை. ஆபத்து குறைவுதான், ஆனால் உடலுக்குள் நுழையும் சோதனை என்பதால் ரத்தக்கசிவு, பக்கவாதம் போன்ற அபாயங்கள் சிறிதளவு உண்டு.

அழுத்தக் கம்பிச் சோதனை: எஃப்.எஃப்.ஆர். என்று அறிக்கையில் எழுதுவார்கள். ஆஞ்சியோகிராம் செய்யும்போதே முடி போன்ற கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தை அளப்பது. எண் 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று கொள்வார்கள். வாய்க்காலில் நின்றபடியே வயலின் நிலையை அளக்கும் சோதனை இது.

4. "70 சதவீதம்" என்பதை எப்படிப் படிப்பது?

அறிக்கையில் உள்ள சதவீதம் பெரும்பாலும் குழாயின் விட்டத்தைக் குறிக்கும்; அதுவும் மருத்துவர் கண்ணால் மதிப்பிட்டது. இதயக் குழாய்களுக்கு ஒரு சேமிப்புத் திறன் உண்டு. ஓய்வில் இருக்கும்போது, விட்டம் 80 சதவீதத்துக்கு மேல் சுருங்கும் வரைகூட ரத்த ஓட்டம் குறையாமல் இருக்கலாம். உழைக்கும்போதுதான் பற்றாக்குறை தெரியும்.

கண் மதிப்பீடும் அழுத்தக் கம்பி அளவும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஃபேம் என்ற ஆய்வின் தொடர்ச்சியாக 2010இல் பார்த்தார்கள். 50 முதல் 70 சதவீதம் என்று மதிப்பிட்ட அடைப்புகளில் 35 சதவீதம் மட்டுமே உண்மையில் ஓட்டத்தைத் தடுத்தன. 71 முதல் 90 சதவீதம் என்றவற்றில் 80 சதவீதம் தடுத்தன. ஐந்தில் ஒன்று தடுக்கவில்லை. 91 சதவீதத்துக்கு மேல் என்றவற்றில் 96 சதவீதம் தடுத்தன.

90க்கு மேல் என்றால் ஐயம் குறைவு. இடைப்பட்ட எண்களில் இன்னொரு சான்று வேண்டும். வலியின் தன்மை, ஸ்ட்ரெஸ் சோதனை, அழுத்தக் கம்பி இவற்றில் ஏதேனும் ஒன்றோடு சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

முதல் ஃபேம் ஆய்வு 2009இல் வெளியானது. பல குழாய்களில் அடைப்புள்ள 1,005 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் படத்தை மட்டும் பார்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். மற்றதற்கு அழுத்தக் கம்பி தேவை என்று காட்டிய இடங்களில் மட்டும் வைத்தார்கள். ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, மறுபடி சிகிச்சை ஆகியவை முதல் குழுவில் 18.3 சதவீதம், இரண்டாவதில் 13.2 சதவீதம். குறைவாக ஸ்டென்ட் வைத்த குழுவே நலமாக இருந்தது.

5. சோதனைகளை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள்

ஸ்காட்லாந்து நாட்டில் நெஞ்சுவலியுடன் வந்த 4,146 பேரிடம் ஸ்காட்-ஹார்ட் என்ற ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான பரிசோதனை. பாதிப் பேருக்கு அதோடு சி.டி. ஆஞ்சியோகிராம். ஐந்தாண்டு முடிவு 2018இல் வந்தது. இதய நோயால் மரணம் அல்லது மாரடைப்பு சி.டி. குழுவில் 2.3 சதவீதம், மற்றதில் 3.9 சதவீதம்.

இந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். ஐந்தாண்டுகளில் ஆஞ்சியோகிராமும் ஸ்டென்ட்டும் பைபாஸும் இரு குழுவிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். மாறியது மாத்திரை. கொழுப்புப் படிவு படத்தில் தெரிந்ததால், நோயைத் தடுக்கும் மருந்துகள் சி.டி. குழுவில் 19.4 சதவீதம் பேருக்கும் மற்றதில் 14.7 சதவீதம் பேருக்கும் புதிதாகத் தொடங்கப்பட்டன. ஓட்டத்தைத் தடுக்காத சிறிய படிவை டிரெட்மில் காட்டாது. ஆனால் பல மாரடைப்புகள் அப்படிப்பட்ட படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால்தான் வருகின்றன. ஸ்டாட்டின் மாத்திரை எல்லாக் குழாய்களிலும் உள்ள படிவை நிலைப்படுத்துகிறது. ஸ்டென்ட் ஓரிடத்தை மட்டுமே திறக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,003 பேரிடம் நடந்த பிராமிஸ் ஆய்வு 2015இல் வெளியானது. சி.டி. ஆஞ்சியோகிராமையும் ஸ்ட்ரெஸ் சோதனைகளையும் ஒப்பிட்டபோது, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மோசமான விளைவுகள் 3.3 சதவீதமும் 3.0 சதவீதமுமாக இருந்தன. பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே உங்கள் ஊரில் நல்ல ஸ்ட்ரெஸ் சோதனை கிடைத்து சி.டி. கிடைக்கவில்லை என்றால், அதற்காகக் கலங்க வேண்டியதில்லை.

நேராக ஆஞ்சியோகிராம் செய்வதா, முதலில் சி.டி. எடுப்பதா? ஐரோப்பாவில் 3,561 பேரிடம் நடந்த டிஸ்சார்ஜ் ஆய்வு 2022இல் இதற்குப் பதில் தந்தது. மூன்றரை ஆண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் சி.டி. குழுவில் 2.1 சதவீதம், ஆஞ்சியோகிராம் குழுவில் 3.0 சதவீதம், இதை உறுதியான வேறுபாடு என்று கொள்ள முடியாது. ஆனால் சோதனையாலும் சிகிச்சையாலும் வந்த பெரிய சிக்கல்கள் 0.5 சதவீதமும் 1.9 சதவீதமுமாக இருந்தன. இடைநிலை ஆபத்து உள்ளவருக்கு முதலில் சி.டி. எடுப்பது பாதுகாப்பான வழி என்று இதிலிருந்து தெரிகிறது.

எம்.ஆர்.ஐ.யையும் அழுத்தக் கம்பியையும் ஒப்பிட்ட எம்.ஆர்.-இன்ஃபார்ம் ஆய்வு 2019இல் வந்தது. அதில் 918 பேர். எம்.ஆர்.ஐ. குழுவில் 35.7 சதவீதம் பேருக்கும் மற்றதில் 45.0 சதவீதம் பேருக்கும் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் தேவைப்பட்டது. ஓராண்டு விளைவுகள் 3.6 சதவீதம், 3.7 சதவீதம் என்று ஒன்றாகவே இருந்தன.

6. நோய் உறுதியானால் என்ன சிகிச்சை?

இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரிடம் இஸ்கீமியா என்ற ஆய்வு நடந்து 2020இல் வெளியானது. ஸ்ட்ரெஸ் சோதனையில் ரத்த ஓட்டக் குறைவு மிதமாகவோ கடுமையாகவோ இருந்தவர்கள் இவர்கள். ஒரு குழுவுக்கு நல்ல மருந்துகளோடு உடனே ஆஞ்சியோகிராம், தேவையான ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மற்றதற்கு முதலில் மருந்து மட்டும். மருந்து போதாவிட்டால் மட்டுமே ஆஞ்சியோகிராம். முடிவில் முதல் குழுவில் 145 மரணங்கள், இரண்டாவதில் 144. மாரடைப்பு முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்தாலும் ஐந்தாண்டுகளில் 16.4 சதவீதம், 18.2 சதவீதம் என்று பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அடிக்கடி நெஞ்சுவலி வந்துகொண்டிருந்தவர்களுக்கு, ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்த குழுவில் வலி நன்றாகக் குறைந்தது.

இதை மனத்தில் பதியுங்கள். நிலையான நோயில் ஸ்டென்ட்டின் முதன்மையான பலன் வலி நிவாரணம். மருந்து சாப்பிட்டும் வேலை செய்ய முடியாத அளவு வலி இருந்தால் அது நல்ல சிகிச்சை. வலியே இல்லாதவருக்கு அதே அவசரம் இல்லை.

இதில் விலக்குகளும் உண்டு, அவை முக்கியமானவை. இடது பெருங்குழாயின் தொடக்கத்தில் பெரிய அடைப்பு உள்ளவர்கள், இதயம் மிகவும் பலவீனமாகச் சுருங்குபவர்கள், மருந்துக்குக் கட்டுப்படாத வலி உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. இவர்களுக்கு அந்த முடிவு பொருந்தாது. இடது பெருங்குழாய் அடைப்பு உண்டா என்று அறியத்தான், அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதலிலேயே சி.டி. எடுத்துப் பார்த்தார்கள். "மருந்து போதும்" என்று முடிவெடுக்கும் முன் இந்த ஒன்றை விலக்கிவிட்டார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனிச் செய்தி ஒன்று. பல குழாய்களில் அடைப்புள்ள 1,900 சர்க்கரை நோயாளிகளிடம் ஃப்ரீடம் ஆய்வு நடந்து 2012இல் வெளியானது. ஐந்தாண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை ஸ்டென்ட் குழுவில் 26.6 சதவீதம், பைபாஸ் குழுவில் 18.7 சதவீதம். பக்கவாதம் மட்டும் பைபாஸ் குழுவில் சற்று அதிகம். நெஞ்சைத் திறக்க வேண்டாமே என்ற அச்சத்தில் மூன்று, நான்கு ஸ்டென்ட் கேட்கும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

7. யாருக்கு எது பொருந்தும்?

* இதுவரை இதய நோய் உறுதியாகாதவர், ஐயத்துக்குரிய நெஞ்சுவலி, சீரான துடிப்பு, நல்ல சிறுநீரகம்: சி.டி. ஆஞ்சியோகிராம் நல்ல தொடக்கம்.
* வயதானவர், சுண்ணாம்பு அதிகம் இருக்கும் என்று எதிர்பார்க்கப்படுபவர், ஏற்கெனவே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் ஆனவர்: ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்ட்ரெஸ் படம் பெரும்பாலும் பொருத்தம்.
* சிறுநீரகம் பழுதானவர்: டை இல்லாத ஸ்ட்ரெஸ் எக்கோ அல்லது அணு ஸ்கேன்.
* நடக்க முடியாதவர்: மருந்து கொடுத்துச் செய்யும் ஸ்ட்ரெஸ் சோதனை.
* சிறு வேலைக்கே கடும் வலி, மருந்துக்கும் அடங்காதது: நேராக ஆஞ்சியோகிராம்.
* வலி எதுவும் இல்லாதவர், "முழு உடல் பரிசோதனை" விளம்பரம் பார்த்தவர்: ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இவற்றைப் பார்த்துக் கட்டுப்படுத்துவதே முதல் வேலை. ஸ்ட்ரெஸ் சோதனையோ சி.டி. ஆஞ்சியோகிராமோ தானாகக் கேட்டு எடுக்க வேண்டியதில்லை.

கதிர்வீச்சையும் கணக்கில் கொள்ளுங்கள். இயற்கையிலிருந்து ஒருவர் ஆண்டுக்குப் பெறுவது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். இன்றைய நல்ல கருவியில் சி.டி. ஆஞ்சியோகிராம் பெரும்பாலும் 2 முதல் 5 வரை. அணு ஸ்கேன் 10ஐ ஒட்டி. தேவையான சோதனைக்கு அஞ்ச வேண்டாம். தேவையின்றி ஆண்டுதோறும் திரும்ப எடுக்கவும் வேண்டாம்.

8. சோதனைக்குப் போகும் முன்

பழைய அறிக்கைகள், மருந்துச் சீட்டுகள், முந்தைய ஆஞ்சியோகிராம் குறுந்தகடு அனைத்தையும் ஒரே கோப்பில் எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே எடுத்த சோதனையை மறுபடி எடுக்கும் செலவு மிச்சமாகும்.

டை செலுத்தும் சோதனை என்றால் கிரியேட்டினின் அளவு தெரிந்திருக்க வேண்டும். முன்பு டை ஒவ்வாமை வந்திருந்தால் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். மருந்து கொடுத்துச் செய்யும் ஸ்ட்ரெஸ் ஸ்கேன் என்றால், முந்தைய நாள் முதலே தேநீரும் காபியும் விலக்கச் சொல்வார்கள். குடித்துவிட்டுப் போனால் முடிவு தவறாகலாம். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சி.டி. எடுக்கும் முன் நாக்குக்கு அடியில் மருந்து தருவார்கள். ஆண்மைக்குறைவு மாத்திரை எடுத்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கும்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை ஒரு நாளும் தாமாக நிறுத்தக் கூடாது. நோன்பு மாதம் நெருங்கும்போது, நோன்பு வைக்கும் அளவு உடல் தாங்குமா, சஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

9. மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. இது மாரடைப்பு நிலையா, நிலையான நோயா? முடிவெடுக்க எனக்கு எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது?
2. இந்தச் சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் தரும்? பதில் எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா?
3. இடது பெருங்குழாயில் அடைப்பு இல்லை என்று உறுதியாகிவிட்டதா?
4. இந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்பதற்கு, சதவீதம் தவிர வேறு சான்று என்ன?
5. ஸ்டென்ட் வைத்தால் எனக்கு என்ன குறையும்: வலியா, மாரடைப்பு ஆபத்தா, இரண்டுமா?
6. மருந்துகளை முழு அளவில் சில வாரம் சாப்பிட்டுப் பார்த்து மறுபடி முடிவெடுக்கலாமா?

இரண்டாவது கேள்வி எல்லாவற்றிலும் முக்கியமானது. பதில் எதுவாக இருந்தாலும் செய்யப்போவது ஒன்றே என்றால், அந்தச் சோதனைக்குக் கொடுக்கும் பணம் மருந்துக்குப் பயன்படட்டும்.

நிலையான நோய்க்கு ஆஞ்சியோகிராம் செய்துகொள்பவர்கள், படுக்கைக்குப் போகும் முன்பே குடும்பத்தாருடன் பேசி வையுங்கள். உள்ளே அத்தா மேசையில் படுத்திருக்க, வெளியே பிள்ளைகளிடம் ஐந்து நிமிடத்தில் கையெழுத்துக் கேட்கும்போது யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. படம் மட்டும் எடுத்துவிட்டு, அதைப் பார்த்துப் பேசி, இரண்டாவது மருத்துவரிடமும் காட்டி, பிறகு முடிவெடுக்கலாமா என்று முந்தைய நாளே கேட்டு வையுங்கள். நல்ல மருத்துவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதையும் அந்த அவகாசத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

பாடச் சுருக்கம்

விடாத வலிக்குச் சோதனைகளை ஒப்பிடாதீர்கள், 108ஐ அழையுங்கள். நிலையான வலிக்கு அவசரப்படாதீர்கள். குழாயைக் காட்டும் படம் ஒன்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் படம் இன்னொன்று. இடைப்பட்ட அடைப்புக்கு இரண்டின் சான்றும் வேண்டும். எந்தப் படத்தில் நோய் தெரிந்தாலும் முதல் சிகிச்சை புகையை விடுவது, நடப்பது, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, மருத்துவர் எழுதிய மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிடுவது. ஸ்டென்ட் வைத்தாலும், பைபாஸ் செய்தாலும், எதுவும் செய்யாவிட்டாலும் இந்த நான்கும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை.

இந்தப் பக்கத்தை வெட்டி மருத்துவக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால், முதல் பகுதியையும் ஆறு கேள்விகளையும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.